மருத்துவப் பொதியிடலுக்கான அலுமினியக் கொன்வேயர் சட்டகம்: திருகோணமலையில் பொருத்துவோருக்கான கேள்வி பதில்

சத்திரசிகிச்சைக் கையுறை, காயக்கட்டுத் துணி, ஊசிச் செட் போன்றவற்றைப் பவுச்சில் அடைத்து, ஒட்டி, பெட்டியில் இடும் வரிசைகளுக்கு டி வடிவக் காடி (நீளப் பள்ளம்) உள்ள அலுமினியப் புரொபைல்களால் (ஒரே குறுக்குவெட்டுள்ள நீளச் சட்டங்களால்) கொன்வேயர் சட்டகம் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டுவோரும் பராமரிப்போரும் கேட்கும் கேள்விகள் இவை. உப்புவெளி, சீனக்குடா, கிண்ணியா என்று எங்கே கட்டடம் எடுத்தாலும் கடல் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே உப்புக் காற்றை முதலில் மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஸ்டெயின்லெஸ் இருக்கும்போது ஏன் அலுமினியம்?

கழுவி ஊற்றும் வேலைக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. பவுச் பொதியிடல் உலர்ந்த வேலை. துடைத்துத்தான் சுத்தம் செய்கிறோம், குழாய் பிடித்து அடிப்பதில்லை. அங்கே அலுமினியம் போதும். எடை உருக்கின் மூன்றிலொரு பங்கு என்பதால் 3 மீ. நீளத் துண்டை இரண்டு பேர் தூக்கி சுத்த அறைக் கதவால் உள்ளே கொண்டுபோகலாம். வெல்டிங் தேவையில்லை, உள்ளே தீப்பொறியும் புகையும் இல்லை. நாளைக்குப் பவுச்சின் அகலம் மாறினால் பக்கத் தடுப்பை எலன் கீயால் தளர்த்தி நகர்த்தலாம்.

குறையும் உண்டு. அலுமினியத்தின் விறைப்பு உருக்கின் மூன்றிலொரு பங்கு மட்டுமே. உருக்குக் குழாயின் அளவைப் பார்த்து அதே அளவில் அலுமினியம் போட்டால் நடுவில் தொய்யும்.

எந்த அளவுப் புரொபைல் எடுப்பது?

பொதுவாகக் கிடைப்பவை 6063 உலோகக் கலவை, டி5 அல்லது டி6 நிலை (வெப்பமூட்டிக் கடினமாக்கிய தரங்கள்). சிறிய பவுச் வரிசைக்கு 40×40, 40×80 மி.மீ. அளவுகள் போதும். இவற்றில் 8 மி.மீ. காடி, எம்8 ஆணி. 45 மி.மீ. தொடரில் காடி 10 மி.மீ. இரண்டு தொடரையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். டி-நட் (காடிக்குள் நின்று ஆணியைப் பிடிக்கும் நட்) கலந்துபோய், ஒன்று மற்றதில் ஆடும், அல்லது இறங்கவே இறங்காது.

நீளப் பக்கத் தண்டவாளத்துக்கு 40×80 ஐ நிமிர்த்தி வையுங்கள், அதாவது 80 மி.மீ. உயரமாக. கணக்கு இதோ. 2 மீ. இடைவெளியின் நடுவில் 50 கி.கி. எடை ஒரே தண்டவாளத்தில் விழுகிறது என்று வைப்போம். இலகு வகை 40×40 இன் நிலைமத்திருப்பம் (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 9 செ.மீ⁴. அது 13 மி.மீ. தொய்யும். நிமிர்த்திய 40×80 க்கு ஏறத்தாழ 65 செ.மீ⁴ என்று எடுத்தால் தொய்வு 2 மி.மீ. க்குக் கீழ் வந்துவிடும். கால்களின் இடைவெளியை 1,340 மி.மீ. ஆகக் குறைத்தால் அதே 40×80 அரை மில்லிமீற்றரளவே தொய்யும். தொய்வுக் கணக்கில் நீளத்தின் கனம் (நீளம் × நீளம் × நீளம்) வருவதால், தடித்த புரொபைல் வாங்குவதைவிட ஒரு சோடிக் கால் கூட்டுவது மலிவு. நிலைமத்திருப்பம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். உங்கள் விநியோகத்தரின் பட்டியலிலுள்ள எண்ணைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

300 மி.மீ. பெல்ட், 3 மீ. நீளக் கொன்வேயர் ஒன்றுக்கு என்னென்ன சாமான் வேண்டும்?

முதலில் ஒன்று: 6 மீ. கட்டையிலிருந்து (வெட்டாத முழுநீளப் புரொபைலிலிருந்து) 3 மீ. துண்டு இரண்டு வராது. வாள் 3 முதல் 4 மி.மீ. தின்னும், கட்டையின் இரு முனையும் அடிபட்டிருப்பதால் கொஞ்சம் வெட்டி எறியவேண்டும். ஆகவே ஆரம்பத்திலேயே 2,980 மி.மீ. என்று வரையுங்கள். அந்த 20 மி.மீ. க்காக இன்னொரு முழுக் கட்டை வாங்க நேர்வது வீண் செலவு.

- பக்கத் தண்டவாளம்: 40×80, 2,980 மி.மீ., 2 துண்டு
- குறுக்குச் சட்டம்: 40×40, 320 மி.மீ., 7 துண்டு (மேலே 4, கால்களுக்கிடையே 3)
- கால்: 40×40, 740 மி.மீ., 6 துண்டு (75 மி.மீ. பாதத்தோடு பெல்ட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 900 மி.மீ. உயரத்தில் வரும்)
- மூலை பிராக்கெட்: 26 (காலுக்கு 2 வீதம் 12, குறுக்குச் சட்ட முனைகளுக்கு 14)
- எம்8 ஆணியும் டி-நட்டும்: பிராக்கெட்டுக்கு 52 சோடி, மோட்டர் தட்டுக்கு 6, பக்கத் தடுப்புக்கு 8. கூட்டினால் 66. 80 வாங்குங்கள்.
- அடித்தட்டும் எம்12 மட்டம் செய்யும் பாதமும்: 6
- முனை மூடி: வெளியே தெரியும் ஒவ்வொரு வெட்டு முனைக்கும் ஒன்று
- காடி மூடும் பட்டி: திறந்திருக்கும் காடிகளின் மொத்த நீளத்துக்கு

ஆணியின் நீளத்தில் கவனம். பிராக்கெட்டின் தடிப்புக்கு எம்8×16 பொருந்தும் இடத்தில் எம்8×20 போட்டால் ஆணியின் நுனி காடியின் அடியில் முட்டி நிற்கும். ஸ்பெனர் இறுகியதாகவே காட்டும், பிராக்கெட்டோ இறுகியிருக்காது. ஒரு கிழமை ஓடியதும் ஆடத் தொடங்கும். புதிய வரிசையில் காரணம் தெரியாமல் ஆடும் மூட்டுகளில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

கடல் காற்று அலுமினியத்தை என்ன செய்யும்?

அனோடைஸ் செய்த (மின்முறையால் பாதுகாப்பு ஒட்சைட்டுப் படலம் ஏற்றிய) முகப்பு நன்றாகத் தாங்கும். பிரச்சினை வருவது வெட்டிய முனை, துளையிட்ட இடம், ஆணித் தலையின் அடி ஆகிய மூன்று இடங்களில். அங்கே பாதுகாப்புப் படலம் இல்லை, அல்லது உப்பு ஈரம் ஒதுங்கி நிற்கிறது. வெள்ளைத் தூளாகப் பூக்கும். சாதாரணத் தொழிற்சாலையில் அது வெறும் அழகுக் குறை. மருத்துவப் பொதியிடலில் அந்தத் தூள் பவுச்சுக்குள் போகக்கூடிய துகள். அதனால்தான் இங்கே விடாப்பிடியாக இருக்கிறோம்.

வாங்கும்போது அனோடைஸ் தடிப்பைக் கேளுங்கள். உள்ளகப் பாவனைக்கு 10 மைக்ரோன் வழக்கம். வளிச்சீராக்கிய அறையானாலும் கரையோரத்தில் 15 கேட்பது நல்லது. தண்டவாளத்தின் ஒரு பகுதியாவது அறைக்கு வெளியே, பண்டசாலைப் பக்கம் நீளுமானால் 20 முதல் 25 வரை எடுங்கள். வெட்டிய முனையை மழித்து, துடைத்து, தெளிந்த லெக்கர் ஒரு பூச்சு கொடுத்து மூடியைப் போடுங்கள்.

ஆணிக்கு ஏ4 வகை ஸ்டெயின்லெஸ், அதாவது 316. ஏ2 சில மாதத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பு நிறம் காட்டும். நாகம் பூசிய டி-நட் இன்னும் மோசம். காடிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாமலே முதலில் வெள்ளையாகவும் பிறகு சிவப்பாகவும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அரிக்கப்படுவது அலுமினியம். சிறிய ஆணி, பெரிய சட்டகம் என்பதால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் ஆணித் தலையைச் சுற்றிக் குழி விழும். தலைக்கடியில் நைலோன் வொஷர் போடலாம், எர்த் எடுக்கும் மூட்டுகளைத் தவிர. ஸ்டெயின்லெஸ் ஆணி ஸ்டெயின்லெஸ் நட்டுக்குள் ஏறும்போது புரி கடித்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. உணவுத்தர ஆன்டி-சீஸ் பசையை நுனியில் ஒரு பொட்டளவு வையுங்கள். பசை போட்டால் அதே முறுக்கில் ஆணி கூடுதலாக இறுகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இரவில் ஏசியை நிறுத்தினால் சட்டகம் வியர்ப்பது ஏன்?

வெளியே 28 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 பாகை. அறைக்குள் சட்டகம் 22 பாகையில் குளிர்ந்து நிற்கிறது. ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் அந்த ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராக இறங்குகிறது. காடிக்குள் இறங்கிய நீர் காலையில் ஏசி போட்டாலும் லேசில் உலராது. மாரியில், வாடை வீசும் மாதங்களில், இது நாளாந்தப் பிரச்சினை. கச்சான் வீசும் காலத்தில் காற்று வறண்டது, ஆனால் மண் தூசியைக் கொண்டுவரும்.

தீர்வு: வேலை முடிந்த பிறகும் ஏசியைக் குறைந்த அளவில் ஓடவிடுங்கள், அல்லது ஈரமகற்றியை வையுங்கள். இரண்டும் முடியாவிட்டால், ஏசியை நிறுத்திச் சட்டகம் அறை வெப்பநிலைக்கு ஏறும்வரை கதவைத் திறக்காதீர்கள். மின்வெட்டுக்கும் இதே விதிதான்.

மூட்டுகளை எந்த முறையில் பிணைப்பது நல்லது?

எடை உராய்வில் தொங்கக்கூடாது, முட்டி உட்காரவேண்டும். காலைத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் பிராக்கெட்டால் ஒட்டவைத்தால் முழு எடையையும் தாங்குவது காடிக்கும் டி-நட்டுக்கும் இடையிலுள்ள பிடி மட்டும்தான். காலைத் தண்டவாளத்தின் அடியில் நிறுத்தினால் எடை நேராகக் காலுக்குள் இறங்கும், பிராக்கெட் விலகாமல் பிடித்திருந்தால் போதும். எங்கள் பார்வையில் முழு வடிவமைப்பிலும் இதைவிட முக்கியமான முடிவு இல்லை.

எம்8 க்குப் பல தயாரிப்பாளர்கள் 20 முதல் 25 நியூட்டன் மீற்றர் முறுக்குச் சொல்வார்கள். இலகு வகைப் புரொபைலுக்கு அது குறையும். அளவுமீறினால் காடியின் உதடு வெளியே விரியும், அந்த இடம் அதற்குப் பிறகு பிடிக்காது. டோர்க் ஸ்பெனர் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பெனர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம்.

சுத்தியல் வடிவ டி-நட்டை நேரே காடியில் போட்டுத் திருகும்போது அது 90 பாகை திரும்பிப் பூட்டவேண்டும். சிலவேளை பாதி திரும்பி நிற்கும். ஆணி இறுகும், ஆனால் நட் காடியின் விளிம்பில் மூலையால் மட்டும் தொங்கும். மோட்டர் தட்டு, உருளைத் தாங்கி போன்ற அதிர்வுள்ள இடங்களுக்கு முனையால் தள்ளி ஏற்றும் முழு நட்டையே போடுங்கள், நடுத்தரப் பலமுள்ள புரிப்பசையும் (ஆணி தளராமல் பிடிக்கும் பசை) சேருங்கள். இறுக்கிய ஒவ்வொரு ஆணியிலும் தலையையும் சட்டகத்தையும் சேர்த்து நிறப்பேனையால் ஒரு கோடு இழுங்கள். பிறகு கோடு முறிந்திருந்தால் தளர்ந்தது எது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

பொருத்தும் ஒழுங்கு என்ன?

வெட்டுவதும் துளையிடுவதும் சுத்த அறைக்கு வெளியே. அலுமினியத்துக்கான காபைட் பல் வாளால் வெட்டி, பிசிறை அரத்தால் எடுத்து, காடிக்குள் காற்றடித்து, 70 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த பிசிறற்ற துணியால் துடையுங்கள். காடிக்குள் ஒட்டியிருக்கும் சீவல் காற்றுக்கு மட்டும் வராது. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியில் துணியைச் சுற்றி முனை முதல் முனை வரை இழுக்கவேண்டும்.

இரண்டு தண்டவாளத்தையும் சமதளத்தில் தலைகீழாக வைத்துக் குறுக்குச் சட்டங்களை விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். மூலைவிட்டங்களை அளவுநாடாவால் பாருங்கள். 2,980 நீளம், வெளி அகலம் 400 என்றால் இரண்டும் ஏறத்தாழ 3,007 மி.மீ. வரவேண்டும். முக்கியம் எண் அல்ல, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். அது 1 மி.மீ. ஐத் தாண்டக்கூடாது. 3 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு தண்டவாளம் மற்றதைவிட 1.5 மி.மீ. முந்தி நிற்கிறது, அதில் பூட்டும் உருளையும் அதே அளவு சரிந்து நிற்கும், பெல்ட் ஒரு பக்கம் ஓடும். பெல்ட்டைத் திருத்துவதாக நினைத்து நாட்கணக்கில் மினக்கெடுவோர் பலர். பிழை இங்கேதான் பிறந்திருக்கும்.

மூலைவிட்டம் சரியான பிறகு நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்குங்கள். அடுத்து கால், பாதம், பிறகு நிமிர்த்தி நீர்மட்டம். தரையில் துளையிடுவதை முடிந்தவரை தவிருங்கள். துளையிடவேண்டுமானால் மோட்டர் பக்கத்துக் கால்களுக்கு மட்டும்.

ஒரு முனையை மட்டும் தரையில் பூட்டச் சொல்வது ஏன்?

வெப்பத்தில் அலுமினியம் நீளும். 6 மீ. வரிசை 10 பாகை மாறினால் ஏறத்தாழ 1.4 மி.மீ. ஏசி பூட்டுமுன் 32 பாகையில் கட்டி, பிறகு 22 இல் ஓட்டுவது நம்மூரில் வழக்கமானது. இரு முனையும் பூட்டியிருந்தால் கால்கள் உள்நோக்கி இழுபடும்.

பெல்ட்டுக்கு அடியிலுள்ள ஸ்டெயின்லெஸ் தட்டு அலுமினியத்தைவிடக் குறைவாகச் சுருங்குவதால் 3 மீ. இல் கால் மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். தட்டின் ஒரு முனைத் துளையை நீள்துளையாக்கினால் போதும். பெரிதாக மாறுவது பக்கத் தடுப்பில் போடும் வெள்ளைப் பொலிஎதிலீன் வழுக்குப் பட்டி: 3 மீ. க்கு 10 பாகையில் 4 முதல் 6 மி.மீ. இரு முனையையும் ஆணியடித்தால் ஏசி நின்ற நாளில் வில்லாக வளைந்து பவுச்சை மறிக்கும். ஒரு முனையில் மட்டும் ஆணி, மற்ற முனையில் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

எந்த பெல்ட்?

வெள்ளை அல்லது நீலப் பொலியூறித்தேன், 1 முதல் 2 மி.மீ. தடிப்பு, அன்டிஸ்டடிக் (நிலைமின் தேங்காத வகை). பிவிசி பெல்ட் மலிவுதான், ஆனால் நாளாந்தம் அல்ககோலால் துடைத்தால் விறைத்து வெடிக்கும். பெல்ட்டின் ஓரம் மூடி ஒட்டப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். வெட்டி விட்ட ஓரத்தில் உள்துணி நூல் பிரியும். ஒட்டிய பவுச்சின் வாயில் ஒரு நூல் சிக்கினால் அந்தப் பவுச் கழிவு.

இழுவிசைக்குக் கையால் அமத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். தளர்ந்த பெல்ட்டில் 1,000 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அது 1,003 முதல் 1,005 வரை வரும்போது நிறுத்துங்கள். எல்லை பெல்ட்டின் தரவுத்தாளில் இருக்கும்.

பெல்ட் ஒரு பக்கம் ஓடுகிறதே?

முதலில் மூலைவிட்டம், பிறகு நீர்மட்டம், பிறகு உருளையில் ஒட்டியிருக்கும் பசை அல்லது அழுக்கு. இவை சரியென்றால் மட்டும் இறுக்கும் ஆணியைத் தொடுங்கள். பெல்ட் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்க ஆணியைக் கால் சுற்று இறுக்கிவிட்டுக் கைகட்டி நில்லுங்கள். 3 மீ. கொன்வேயரில் பெல்ட் ஒரு சுற்று வர, 10 மீ./நிமிட வேகத்தில், 40 செக்கனுக்குக் கிட்டப் பிடிக்கும். மூன்று நான்கு சுற்று ஓடிய பிறகுதான் விளைவு தெரியும்.

ஒட்டும் இயந்திரத்துக்கும் கொன்வேயருக்கும் இடையே பவுச் மடிகிறது. சட்டகத்தில் பிழையா?

பெரும்பாலும் ஆம். கொன்வேயரின் முடிவு ஒட்டும் பட்டியைவிட 2, 3 மி.மீ. உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் பவுச் சரிந்து நுழையும். வாயில் ஒரு சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் மேல் வெப்பம் ஒட்டும்போது ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கால்வாய் மிஞ்சலாம். வெளியே பார்த்தால் ஒட்டியதுபோலவே இருக்கும். கிருமியழித்த பிறகு அந்தக் கால்வாயால் கிருமி உள்ளே போகும். இந்த இரண்டு மில்லிமீற்றருக்கு நோயாளி ஒருவர் விலை கொடுக்கக்கூடும் என்பதால் இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

செய்யவேண்டியது: முனையில் 10 முதல் 12 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய முனைச் சட்டம் போட்டு, இரண்டு பெல்ட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை பவுச்சின் நீளத்தில் மூன்றிலொன்றுக்குக் கீழ் வையுங்கள். பெல்ட் அவ்வளவு சிறிய விட்டத்தில் வளையுமா என்று தரவுத்தாளில் பாருங்கள். உயரத்தை நேர்விளிம்புக் கோலால் இரு பக்கமும் அளந்து, மட்டம் செய்யும் பாதத்தின் பூட்டு நட்டை இறுக்குங்கள். சுத்தம் செய்யக் கழற்றும் பகுதிகளுக்குக் காடியில் ஒரு நிறுத்தக் கட்டை பூட்டிவிட்டால் திரும்பப் போடும்போது அதே இடத்தில் வந்து முட்டும். ஒட்டி வெளியே வரும் பவுச் இன்னும் சூடாயிருக்கும். அதை ஒன்றன்மேலொன்றாக விழவிடாமல் வெளிக் கொன்வேயரில் ஆறவிடுங்கள்.

மோட்டர் எவ்வளவு?

பெல்ட்டும் பொருளும் சேர்ந்து 35 கி.கி., உராய்வு 0.33 என்றால் இழுவிசை ஏறத்தாழ 113 நியூட்டன். 10 மீ./நிமிடத்துக்கு 19 வாட் தான். கியர் இழப்பும் தொடக்கச் சுமையும் சேர்த்து 90 வாட் கியர் மோட்டர் தாராளம். 50 மி.மீ. உருளைக்கு நிமிடத்துக்கு 64 சுற்று வேண்டும். 1,400 சுற்று மோட்டருக்கு 20:1 கியர் போட்டால் 70 வரும், மிச்சத்தை இன்வேட்டரில் (மின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டர் வேகத்தை மாற்றும் கருவி) 45, 46 ஹேட்ஸுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

230 வோல்ட் ஒற்றைக் கட்ட இன்வேட்டர் எடுத்தால் 230/400 என்று பெயர்ப்பலகையுள்ள மோட்டரை டெல்டாவில் இணைக்கவேண்டும் (டெல்டா, ஸ்டார் என்பவை மோட்டர்ச் சுருள்களை இணைக்கும் இரு முறைகள்). ஸ்டாரில் விட்டால் ஓடும், ஆனால் பலமில்லாமல் சூடேறும். 60 ஹேட்ஸ் நாட்டிலிருந்து வந்த பழைய இயந்திரம் இங்கே 50 இல் ஆறிலொரு பங்கு மெதுவாக ஓடும். இன்வேட்டர் போட்ட பிறகு ட்ரிப் சுவிட்ச் காரணமின்றி விழுந்தால், பெரும்பாலும் இன்வேட்டரின் வடிகட்டி எர்த்துக்கு விடும் சிறு மின்னோட்டமே காரணம். ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிடாமல், அதற்குப் பொருத்தமான வகையை மின்பொறியியலாளரிடம் கேட்டுப் போடுங்கள்.

எர்த் ஒரு இடத்தில் கொடுத்தால் போதாதா?

போதாது. அனோடைஸ் படலம் மின்கடத்தாது. ஒரு தண்டவாளத்தில் கொடுத்த எர்த் அடுத்த துண்டுக்குப் போகும் என்ற உறுதியில்லை. ஒவ்வொரு பெரிய பகுதிக்கும் பல்லுள்ள வொஷரோடு எர்த் ஆணி, அல்லது படலத்தைச் சுரண்டிய இடத்தில் பச்சை-மஞ்சள் கம்பி. சுரண்டிய இடத்தை இணைத்த பிறகு அரிப்புத் தடுப்புப் பூச்சால் மூடுங்கள். குறைந்த ஓம் அளவியால் பாருங்கள்: 0.1 ஓமுக்கு மேல் காட்டினால் மூட்டைத் திரும்பச் செய்யுங்கள். அன்டிஸ்டடிக் பெல்ட் போட்டும் பவுச்சில் தூசி ஒட்டுகிறதென்றால் உருளைக்கு எர்த் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எதனால் துடைப்பது, எதனால் துடைக்கக்கூடாது?

70 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல், நடுநிலைச் சவர்க்காரக் கரைசல் இரண்டும் சரி. குளோரின் வெளுப்பானும் கோஸ்டிக் கலந்த தரைக் கழுவியும் வேண்டாம். அனோடைஸ் படலம் பிஎச் 4 க்கும் 8.5 க்கும் வெளியே கரையத் தொடங்கும். பாதுகாப்பு மறைப்புக்கு அக்ரிலிக் போட்டிருந்தால் அல்ககோல் பட்டு ஆணித் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு வரும். பொலிகாபனேற் தகடு எடுத்து, ஆணியை அளவோடு இறுக்குங்கள். காடிகள் மேல்நோக்கித் திறந்திருக்கவே கூடாது. மேல் முகத்துக்குக் காடியில்லாத மூடிய புரொபைல் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடினாலும் அதை எடுங்கள்.

விரல் சிக்காமல் எப்படி மறைப்பது?

பெல்ட் உருளைக்குள் நுழையும் இடமே ஆபத்து. அங்கே மறைப்புக்கும் பெல்ட்டுக்கும் இடைவெளி 4 மி.மீ. ஐத் தாண்டக்கூடாது. நீள்பிளவுள்ள மறைப்பானால், 8 முதல் 10 மி.மீ. பிளவுக்கு ஆபத்தான இடம் குறைந்தது 80 மி.மீ. தள்ளியிருக்கவேண்டும் என்கிறது இயந்திரப் பாதுகாப்புத் தூரங்களுக்கான நியமமான ஐஎஸ்ஓ 13857. மறைப்பைக் கழற்றக் கருவி தேவைப்படவேண்டும். அவசர நிறுத்தி பொத்தான் வேலை செய்பவர் நிற்கும் இடத்திலிருந்தே கைக்கு எட்டவேண்டும்.

இந்தச் சட்டகம் போட்டால் அறை ஐஎஸ்ஓ வகுப்பு 8 ஆகுமா? அனுமதி கிடைக்குமா?

ஆகாது. வகுப்பு 8 என்பது காற்றைப் பற்றியது: ஒரு கன மீற்றரில் 0.5 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள் 35,20,000 க்கு மேற்படக்கூடாது. அதைக் கொடுப்பது வடிகட்டியும் காற்றோட்டமும். சட்டகத்தின் கடமை அதைக் கெடுக்காமலிருப்பது, அதாவது துகள் விடாமலும் தரையோரத்துக் காற்று இழுக்கும் வாயை மறைக்காமலும் நிற்பது. இலங்கையில் மருத்துவச் சாதனங்கள் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. கொன்வேயர் ஒரு மருத்துவச் சாதனம் அல்ல. ஆனால் அதில் ஓடும் பொதியிடலின் செல்லுபடியாக்கத்தில் (முறை எப்போதும் சரியாக வேலை செய்கிறது என்று சோதித்து நிறுவுவதில்) அதற்கும் பங்குண்டு.

கழற்றி மாற்றுவது சுலபம்தானே, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாமா?

சுலபம் என்பதுதான் இதன் ஆபத்து. எலன் கீ சட்டைப்பையில் இருக்கிறதென்று இரவுப் பணியாளர் தடுப்பை 5 மி.மீ. நகர்த்துவார், காலையில் வருபவருக்குத் தெரியாது. ஐஎஸ்ஓ 13485 (மருத்துவச் சாதனத் தர முகாமைத்துவ நியமம்) முறைமையில் ஓடும் நிறுவனத்தில் ஒவ்வொரு மாற்றமும் எழுதப்பட்டு, ஒட்டுதலைப் பாதிக்குமா என்று பார்க்கப்பட்டு, ஒப்பமிடப்படவேண்டும். கிருமியழிக்கும் மருத்துவப் பொதிகளுக்கான நியமமான ஐஎஸ்ஓ 11607-2 இன்படி செல்லுபடியாக்கிய ஒட்டும் முறையின் நுழைவு உயரமோ கோணமோ மாறினால் அந்தச் சோதனையின் உரிய பகுதியைத் திரும்பச் செய்யவேண்டியிருக்கும். ஆகவே நகரக்கூடியவற்றையும் நகரக்கூடாதவற்றையும் முதல் நாளே பிரியுங்கள். நகரக்கூடாத ஆணிகளுக்குச் சிவப்புக் கோடு. நகரக்கூடிய தடுப்புகளுக்கு காடியோரம் ஒட்டிய அளவுகோல், ஒவ்வொரு பவுச்சுக்கும் உரிய எண்ணைக் குறித்த அட்டை.

பொருத்தி முடிந்ததும் வைத்திருக்கவேண்டிய பதிவுகள்: வரைபடம், புரொபைலினதும் பெல்ட்டினதும் பொருட்சான்று, முறுக்கு அளவுகள், மூலைவிட்டம், நீர்மட்டம், எர்த் அளவீடு, நுழைவு உயரம்.

எப்போது எதைப் பார்க்கவேண்டும்?

முதல் கிழமை முடிவில் எல்லா ஆணியின் முறுக்கையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள், புதிய மூட்டு கொஞ்சம் அமரும். பிறகு நாளாந்தம் பெல்ட்டின் ஓரமும் நிறக்கோடுகளும், மாதமொருமுறை காடி மூடிகளும் ஆணித் தலைகளும். மாரி தொடங்குமுன் புரட்டாசியிலும் முடிந்த பிறகு மாசியிலும் கால் அடித்தட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். பாதத்துக்கும் தட்டுக்கும் இடையில் துடைப்புநீர் தேங்கி, அரிப்பு முதலில் அங்கேதான் தொடங்கும்.

கொழும்பிலிருந்து சாமான் எடுப்பதென்றால்?

கட்டைகள் ஏ6 வீதியால் லொறியில் வரும்போது மழை நனைந்தால் தாள் உறைக்குள் ஈரம் சிறைப்பட்டு, ஒன்றையொன்று தொடும் முகங்களில் வெள்ளைக் கறை விழும். அது துடைத்தால் போகாது. வந்த அன்றே உறையைப் பிரித்து, உலரவிட்டு, இடையில் பிளாஸ்டிக் துண்டு வைத்து அடுக்குங்கள். மரப் பலகைத் தட்டை சுத்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு சிறு உதிரிக்காக வரிசை இரண்டு நாள் நிற்பது இங்கே எளிதாக நடக்கும். கையிருப்பில் வையுங்கள்: அளவுக்கு வெட்டி ஒட்டிய பெல்ட் ஒன்று, உருளைத் தாங்கி இரண்டு சோடி, ஏ4 ஆணியும் நட்டும் 20 சோடி, எம்12 பாதம் இரண்டு, காடி மூடும் பட்டி 5 மீ., அதே மாதிரி இன்வேட்டர் ஒன்று. இன்வேட்டரின் அமைப்பு எண்களைத் தாளில் எழுதிப் பலகைக்குள் ஒட்டிவிடுங்கள், புதியதைப் பூட்டுபவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.